ஜீப்பைத் தூக்கினால் பாதை திருந்திவிடுமா?

பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் வழியிலும், பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குப் போகும் வழியிலும், தோட்டத்துப் பாதை பிரிகிற சந்திகளில் இப்போது ஒரு மாதிரி ஜீப்புகள் நிற்கின்றன. பழைய மிட்சுபிஷி, பழைய லேண்ட் ரோவர், இடையிடையே ஒரு டபுள் கெப். எல்லாமே பிறந்த உயரத்தைவிட நாலைந்து அங்குலம் வளர்ந்தவை. சக்கரமோ ட்ரக்டர் சக்கரத்துக்குத் தம்பி மாதிரி இருக்கிறது. இளைஞர்கள் படம் பிடித்துக்கொள்கிறார்கள். பார்க்க எடுப்பாகத்தான் இருக்கிறது. அதை நாங்கள் மறுக்கவில்லை.

ஆனால் அந்த ஜீப்பின் பின்னால் ஏறுகிறவர்கள் யார் என்று பாருங்கள். பிரட்டுக்களத்திலிருந்து தூரத்து மலைக்குப் போகும் பெண்கள், பாடசாலைப் பிள்ளைகள், பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் கர்ப்பிணித் தாய்மார். பஸ் வராத டிவிசன்களில் வேறு வாகனமே இல்லை. ஆகவே அந்த வண்டியின் ஸ்டியரிங் எப்படி இருக்கிறது என்பது மெக்கானிக்கும் முதலாளியும் மட்டும் பேசித் தீர்க்கும் விஷயமாக இருக்க முடியாது. நம் உயிர் அந்த இரண்டு மூன்று இரும்புக் கம்பிகளில் தொங்குகிறது. அதனால்தான் தொழிற்சங்கப் பத்திரிகையில் டயரையும் சொக் அப்சோபரையும் பற்றி எழுதுகிறோம்.

வண்டியை ஏன் தூக்குகிறார்கள்? பாதை அப்படி இருக்கிறது. கல் பெயர்ந்து, மழைத்தண்ணீர் நடுவிலே கான் வெட்டி, வண்டியின் டிஃபரென்ஷியல் கல்லில் இடிக்கிறது. பெரிய டயர் போட்டால் அடிப்பாகம் மேலே வரும். பெரிய டயர் மட்காட்டில் உரசாமல் இருக்க உடம்பைத் தூக்க வேண்டும். தூக்குவதற்கு ஸ்பிரிங் தட்டைக் கூட்டுவார்கள், அல்லது சாக்கிளை நீட்டுவார்கள், அல்லது ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு கட்டையை வைப்பார்கள். இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும். முன்பக்கத்தில் மற்றதெல்லாம் பழைய அளவிலேயே இருக்கும். ஸ்டியரிங் பொக்ஸ் பழையது, போல் ஜொயின்ட் பழையது, பெயாரிங் பழையது, பிரேக்கும் பழையதுதான்.

இங்கேதான் சங்கடம் தொடங்குகிறது. அலவாங்கு பிடித்துப் பழகிய கைக்கு இது உடனே விளங்கும். அலவாங்கு நீளமானால் சின்னப் பலத்தால் பெரிய கல்லைப் புரட்டலாம். டயர் பெரிதாகும்போது அந்த நீளமான அலவாங்கு பாதையிலுள்ள கல்லின் கைக்குப் போய்விடுகிறது. புரட்டப்படுவது நம் ஸ்டியரிங். 29 அங்குல டயர் இருந்த இடத்தில் 33 அங்குலம் போட்டால், சக்கரத்தின் நடுவிலிருந்து தரைக்கு உள்ள தூரம் பதினான்கரை அங்குலத்திலிருந்து பதினாறரை அங்குலமாகிறது. நூற்றுக்குப் பதினான்கு கூடுதல். சக்கரத்தின் பாரமும் கூடுகிறது. அகலமான ரிம்மோ ஸ்பேசரோ போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளினால், கிங் பின்னுக்கும் பெயாரிங்குக்கும் விழும் அடி இன்னும் பலமாகும். ஒவ்வொரு குழியிலும் இது நடக்கிறது. தோட்டத்துப் பாதையில் ஒரு கிலோமீற்றருக்குள் எத்தனை குழி என்பது உங்களுக்கே தெரியும்.

உயரம் செய்யும் கேடு வேறு வகை. ஸ்டியரிங் பொக்ஸிலிருந்து சக்கரத்துக்கு ஒரு கம்பி போகிறது. கம்பனி செய்தபோது அது ஏறக்குறைய மட்டமாக இருக்கும். உடம்பைத் தூக்கியதும் அது கூரை மாதிரிச் சரிந்து நிற்கும். சரிந்த கம்பி, சக்கரம் கல்லில் ஏறி இறங்கும்போதெல்லாம் இழுக்கும், தள்ளும். சாரதி கையை அசைக்காமலே வண்டி தன்பாட்டில் திரும்பும். கொழும்பு வீதியில் அப்படி ஒரு அடி விலகினால் பக்கத்து வரிசைக்குப் போகலாம். லுணுகலைப் பாதையில் ஒரு அடி விலகினால் எங்கே போவோம்?

அந்தக் கம்பிகளின் முனையில் இருக்கும் போல் ஜொயின்ட் நம் தோள் மூட்டு மாதிரி. கிண்ணத்துக்குள் ஓர் உருண்டை, சுற்றிலும் கிரீஸ், மேலே ரப்பர் உறை. தோளைப் பின்னால் முறுக்கிப் பிடித்தபடியே நாள் முழுக்கக் கொழுந்துக் கூடையைச் சுமக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? தூக்கிய வண்டியில் அந்த மூட்டு எப்போதும் அதன் ஓரத்திலேயே நின்று வேலை செய்கிறது. உறை கிழிகிறது. ஊவாவில் ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கினால் சேறும் தண்ணீரும் உள்ளே போகின்றன. கிரீஸ் கழுவுப்பட்டு மண்ணே அரைக்கும் மாவாகிவிடுகிறது. ஆண்டுக் கணக்கில் உழைக்க வேண்டிய மூட்டு மாதக் கணக்கில் ஆடத் தொடங்குகிறது. டபுள் கெப்பில் முன்சக்கரங்கள் தனித்தனிக் கைகளில் தொங்குவதால் அங்கே சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட்டின் ரப்பர் உறையும் சேர்ந்து கிழியும்.

இன்னொன்றும் உண்டு. சைக்கிளின் முன் போர்க் நேராக நிற்காமல் கொஞ்சம் சாய்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தச் சாய்வு இருப்பதால்தான் கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போகிறது. ஜீப்பின் முன் அச்சிலும் அப்படி ஒரு சாய்வு இருக்கிறது. அளவு பார்க்காமல் தூக்கும்போது அது குறைந்துபோகும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. நேர்ப்பாதையிலும் வண்டி அங்குமிங்கும் அலையும். இதோடு தேய்ந்த மூட்டும் சேர்ந்தால் ஒரு நாள் ஒரு குழியில் விழுந்தெழும்போது முன்சக்கரங்கள் இரண்டும் உதறத் தொடங்கும். அந்த உதறலைப் பார்த்த சாரதிமார் அதை மறப்பதில்லை. வண்டியை நிறுத்துகிற வரைக்கும் அது நிற்காது.

உதறலுக்குப் பல கராஜ்களில் செய்யும் வைத்தியம் ஸ்டியரிங்குக்குப் புதிய டம்பர் போடுவது. காய்ச்சலுக்குக் காரணம் பாராமல் பெனடோல் கொடுப்பது போன்றதுதான் அது. சில வாரங்களுக்கு உதறல் அடங்கும். மூட்டு உள்ளே தேய்ந்துகொண்டே போகும். இதைவிடப் பயங்கரமானது, வளைந்த அல்லது வெடித்த ஸ்டியரிங் கம்பியை வெல்டிங் பிடித்து மறுபடி மாட்டுவது. அப்படி ஒரு வண்டி உங்கள் தோட்டத்தில் ஓடுகிறது என்று தெரிந்தால் அதில் யாரும் ஏற வேண்டாம். யாருக்கு எவ்வளவு அவசரம் இருந்தாலும் சரி.

பிரேக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. சக்கரம் எத்தனை பங்கு பெரிதாகிறதோ அத்தனை பங்கு பிரேக் கூடுதலாக உழைக்க வேண்டும். மீற்றரும் பொய் சொல்லும். முன்சொன்ன அளவில் மீற்றர் 40 காட்டும்போது வண்டி 45 கிலோமீற்றருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். பாரம் உயரத்துக்குப் போய்விட்டதால் வளைவில் சாயும் குணமும் கூடியிருக்கும். 2025 செப்டம்பர் 4 ஆம் திகதி எல்ல - வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. 2021 மார்ச் 20 ஆம் திகதி பசறை 13 ஆம் கட்டையில் விழுந்த பஸ்ஸில் போனவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். அவை பஸ்கள், தூக்கிய ஜீப்புகள் அல்ல. அந்த விபத்துகளின் காரணங்களும் வேறு. நாம் சொல்ல வருவது, நம் மலைகளில் பாதைக்கும் பள்ளத்துக்கும் நடுவே தவறுக்கு இடமே இல்லை என்பதைத்தான். மட்டமான நாட்டில் பழுதான ஸ்டியரிங் ஒருவரை வேலியில் கொண்டுபோய் முட்டலாம். இங்கே அப்படி இல்லை.

இப்போது எங்களுக்கு அதிகம் கோபம் வருகிற இடத்துக்கு வருவோம். ஸ்டியரிங் உடைந்து வண்டி சரிந்தால் முதல் கேள்வி சாரதியிடம்தான் கேட்கிறார்கள். வேகமாகப் போனாயா, குடித்திருந்தாயா, தூங்கிவிட்டாயா. டயரை மாற்றச் சொன்னது யார், கடைசியாக எப்போது கிரீஸ் அடித்தது, டை ரொட் எண்ட் வேண்டும் என்று சாரதி எத்தனை தடவை கேட்டான் என்று யாரும் கேட்பதில்லை. உறுப்பினர்களாக உள்ள சாரதிமார் எங்களிடம் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். சாமான் வேண்டும் என்று வாயால் சொன்னால், அடுத்த மாதம் பார்ப்போம் என்று வாயாலேயே பதில் வரும். உடைந்த பிறகு அந்த இரண்டு வாய்ப்பேச்சுக்கும் சாட்சி கிடையாது. ஒரு தோட்டத்தில் தேய்ந்த மூட்டின் விலையைச் சாரதியின் சம்பளத்தில் பிடிக்கவும் பார்த்திருக்கிறார்கள்.

தேய்மானத்துக்குக் காரணம் ஓட்டுகிறவன் கை என்று சொல்வது முதலாளிகளுக்குச் சௌகரியமான பேச்சு. உலகத்திலேயே பெரிய வாகனக் கம்பனி ஒன்றின் கதையைக் கேளுங்கள். 2004 ஆகஸ்டில் ஜப்பானின் குமமோட்டோ பகுதியில் ஒரு ஹைலக்ஸ் வண்டியின் ஸ்டியரிங் ரிலே ரொட் உடைந்து, எதிரே வந்த காரில் மோதி 5 பேர் காயமடைந்தார்கள். அந்த ஒக்டோபரில் டொயோட்டா கம்பனி ஜப்பானில் ஏறக்குறைய 3 இலட்சத்து 30 ஆயிரம் வண்டிகளைத் திருப்பி அழைத்தது. அமெரிக்காவில் ஓடிய அதே வகை வண்டிகளுக்கு அப்போது அழைப்பு இல்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில்தான் அங்கே கிட்டத்தட்ட 10 இலட்சம் வண்டிகளைத் திருப்பி அழைத்தார்கள். அந்தத் தாமதம் தொடர்பாக 2010 டிசம்பரில் அமெரிக்க அரசுக்கு 1 கோடியே 60 இலட்சம் டொலருக்கு மேல் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டார்கள். இது தூக்காத, கம்பனியிலிருந்து வந்தபடியே ஓடிய வண்டியின் கதை. அதிலேயே அந்தக் கம்பி களைத்து உடைந்தது என்றால், 33 அங்குல டயரையும் சரிந்த கம்பியையும் வைத்துக்கொண்டு சேற்று மலையில் ஓடும் பழைய வண்டிக்கு என்ன கதி? அங்கே பதில் சொன்னது கம்பனி. இங்கே ஏன் எப்போதும் சாரதியே பதில் சொல்ல வேண்டும்?

நம் நாட்டில் சோதனை இல்லையா என்று கேட்பீர்கள். 2008 முதல் ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை இருக்கிறது. அந்தப் பத்திரம் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. அங்கே குழாயில் கம்பியை விட்டுப் புகையை அளப்பார்கள். முன்சக்கரத்தை உயர்த்தி ஆட்டிப் பார்ப்பது அந்தச் சோதனையில் இல்லை. லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். ஆனால் தனியார் ஜீப்பாகப் பதிந்த வண்டி அதற்குள் வராது. அதே வண்டிதான் காலையில் இருபது பேரை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறது. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022 இல் ரூபாய் விழுந்தது. புதிய வண்டி வரவில்லை, உதிரிப்பாகத்தின் விலை கையைச் சுட்டது. பழைய வண்டிகளில் பழைய சாமான்களையே கழற்றிப் பூட்டிக் காலம் ஓட்டினார்கள். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்தாலும், அந்த ஐந்து ஆண்டுத் தேய்மானம் இன்னும் நம் பாதைகளில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் வேர் பாதை. தோட்டப் பாதை யாருடையது என்ற கேள்விக்கு நம் பெற்றோர் காலத்திலிருந்தே ஒழுங்கான பதில் கிடைத்ததில்லை. 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. கம்பனியைக் கேட்டால் அரசாங்கத்தைக் காட்டும். பிரதேச சபையைக் கேட்டால் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் 33 ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் செலவு செய்ய எங்களுக்கு அதிகாரமில்லை என்றார்கள். வாக்குக் கேட்க மட்டும் அந்தப் பிரிவு தடுக்கவில்லை! 2018 இல் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. தோட்ட மக்களுக்கும் பிரதேச சபைகள் சேவை செய்ய வழி திறந்தது. திறந்த வழியால் எத்தனை லோட் கல்லும் தாரும் உங்கள் டிவிசனுக்கு வந்தது என்று அடுத்த முறை உறுப்பினரைக் காணும்போது கேளுங்கள். சட்டம் தடை என்ற பதிலை இனி ஏற்க வேண்டாம்.

ஒரு நியாயமான எதிர்க்கருத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, மண்மேடு சரிந்து பாதைகள் அறுந்தன. சேற்றுக்குள் போக உயரமான நான்கு சக்கர இழுவை வண்டிகள் தேவைப்பட்டன. அந்த வண்டிகளை ஓட்டி உதவிய எல்லாருக்கும் நாம் கடமைப்பட்டவர்கள். அதனால்தான் தூக்கிய ஜீப்பையெல்லாம் தடை செய்யுங்கள் என்று இந்தச் சங்கம் கேட்கவில்லை. அனர்த்த நேரத்துக்கு உதவுகிற வண்டி வேறு. அதையே காரணமாக வைத்து, வருடம் முழுதும் பாதையைத் திருத்தாமல், ஆட்களை ஏற்றும் வண்டியைத் தூக்கி விடுவது வேறு.

நம் பிள்ளைகளிடமும் சில வார்த்தை பேச வேண்டும். மடுல்சீமை சின்ன உலக முடிவுக்கும், அப்புத்தளையில் லிப்டன் சீட்டுக்கும் உல்லாசப் பயணிகளை ஏற்றிப் பிழைக்கிற இளைஞர்கள் பலர். கொழுந்துக் கூடைக்கு வெளியே ஒரு பிழைப்பு கிடைத்ததில் எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் தம்பிமாரே, ஜீப்பைத் தூக்கக் கடன் வாங்கும்போது அந்தக் கடனோடு இன்னொரு கடனும் சேர்ந்து வருகிறது. மூட்டு, பெயாரிங், புஷ், டயர் என்று அது மாதா மாதம் வந்து நிற்கும். சீசன் காசு அதிலேயே கரைந்துபோகும். பதிவுப் புத்தகத்தில் உள்ளபடி வண்டி இல்லையென்றால், விபத்து நேரத்தில் காப்புறுதிக் கம்பனிக்கு மறுக்க ஒரு காரணமும் கிடைத்துவிடும். உண்மையில் நம் பாதைகள் பலவற்றுக்குக் கம்பனி அளவு டயரே போதும். சேற்றுப் பூ உள்ளதாகப் பார்த்துப் போடுங்கள், நல்ல சொக், நல்ல ஸ்பிரிங், ஒழுங்கான கிரீஸ். கட்டாயம் தூக்கத்தான் வேண்டும் என்றால் கட்டையோடு நிறுத்தாமல் கம்பியின் சரிவையும் அச்சின் சாய்வையும் சரிசெய்யத் தெரிந்த இடத்தில் செய்யுங்கள். அதற்குக் காசு போதாது என்றால் தூக்குவதற்கும் காசு போதாது என்றுதான் அர்த்தம்.

நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பது பெரிய காரியமில்லை. தொழிலாளரை ஏற்றும் எந்த வண்டிக்கும், தோட்டத்தினுடையதோ கொந்தராத்துக்காரருடையதோ, ஒரு புத்தகம் இருக்க வேண்டும். சாரதி தன் குறையை அதில் எழுதித் திகதி போடுவார், பொறுப்பான உத்தியோகத்தர் கையெழுத்து வைப்பார். ஸ்டியரிங்கில் குறை என்று எழுதப்பட்ட வண்டியை எடுக்க மறுக்கிற சாரதிக்கு அன்றைய பேர் வெட்டப்படக் கூடாது. வண்டி இல்லாமல் மலைக்கு நடந்துபோய்ப் பிந்துகிற பெண்களுக்கு அரைப்பேர் போடவும் கூடாது. மாதத்துக்கு ஒரு முறை முன்பக்கம் முழுதாகச் சோதிக்கப்பட வேண்டும். செலவு நிர்வாகத்தினுடையது. வேலை நேரத்தில், வேலையின் நிமித்தம் நேரும் காயத்துக்கு 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பொறுப்புச் சொல்ல வேண்டியவர்கள் அவர்களே. ஒரு போல் ஜொயின்ட் அதைவிட எவ்வளவோ மலிவு.

சோதனை செய்ய எஞ்சினியர் வேண்டியதில்லை. மட்டமான இடத்தில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, முன்சக்கரத்தை ஜக்கில் உயர்த்தித் தாங்குகட்டை கொடுங்கள். ஜக்கை மட்டும் நம்பி யாரும் கீழே படுக்க வேண்டாம். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? அது பெயாரிங் அல்லது கிங் பின். இடமும் வலமுமாக ஆட்டினால் தெரிகிறதா? அது பெரும்பாலும் டை ரொட் எண்ட். சக்கரம் தரையில் இருக்கும்போது ஒருவர் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இப்படியும் அப்படியும் அசைக்க, இன்னொருவர் ஒவ்வொரு மூட்டாகப் பார்க்கட்டும். கம்பி அசைவதற்கு முன்னால் மூட்டு துள்ளினால் அது முடிந்துபோன மூட்டு. ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா, நட்டில் கொட்டர் பின் இருக்கிறதா, ஸ்பிரிங்கின் யூ போல்ட் இறுக்கமா, டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அரைமணி நேர வேலை. பார்க்கத் தெரிந்தவர் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருவராவது இருப்பார். அவர் ஓய்வு பெற்ற சாரதியாகவும் இருக்கலாம்.

தோட்டத் தலைவர்மார், அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு தாள் கொண்டுவாருங்கள். உங்கள் டிவிசனில் ஆட்களை ஏற்றும் வண்டிகளின் இலக்கம், டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவு, அந்த வண்டிக்குக் கம்பனி குறித்த அளவு, கடைசியாக முன்பக்கம் எப்போது சோதித்தார்கள் என்பது, பாதையில் மிக மோசமான இரண்டு இடங்கள். இவ்வளவும் போதும். மகளிர் கமிட்டியினரும் சேர்ந்து எழுதுங்கள். பின்னால் ஏறுகிறவர்கள் அவர்கள்தான். ஒரு பிரதியைத் துரையிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். அவர் சொல்லும் பதிலைத் திகதியோடு அதே தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.